தீர்ப்புக்குப் பின் தொடரும் விலை: மதுபோதைச் சாரதியும் காப்புறுதியின் அறமும்

மனிதன் செய்த குற்றம் எவ்வளவு காலத்துக்கு அவனைத் தொடர்தல் வேண்டும் என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். இவ்வினா பெரும்பாலும் சிறைச்சாலையையும் தூக்குமேடையையும் முன்வைத்தே ஆராயப்பட்டு வந்துள்ளது. ஆயின், அது மிகச் சாதாரணமானதொரு வணிகக் கடிதத்தினுள்ளும் மறைந்து கிடக்கக்கூடும். மதுபோதையில் வாகனஞ் செலுத்திக் குற்றவாளியாகக் காணப்பட்ட ஒருவர் தண்டப்பணத்தைச் செலுத்தி, அனுமதிப்பத்திரத்தை இழந்திருந்த காலத்தையுங் கழித்து, மீண்டும் வாகனஞ் செலுத்த முனைகின்றார். அப்போது காப்புறுதி நிறுவனம் முன்னையதிலும் மிகக் கூடிய கட்டுப்பணத்தை அவரிடங் கோருகின்றது. அன்றேல் அவரை ஏற்கவே மறுக்கின்றது. நீதிமன்று தன் கணக்கை முடித்துக்கொண்ட பின்னர், வணிக நிறுவனமொன்று புதிய கணக்கைத் தொடங்குவது நீதியாகுமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குப் பிரித்தானிய நிலைமையே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. அங்கு மூன்றாந் தரப்பினருக்கான வாகனக் காப்புறுதி 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தினாற் கட்டாயமாக்கப்பட்டது. 1967 ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்னும் எல்லையை வகுத்தது. எனவே, குற்றம், காப்புறுதி என்னும் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்த நீண்ட வரலாறு அந்நாட்டுக்கு உண்டு.

1. குடித்தவனின் பொறுப்பு

முதலில், மதுபோதையிற் செய்த செயலுக்கு மனிதன் எவ்வளவு தூரம் பொறுப்பாளியாவான் என்பதை நோக்குதல் வேண்டும். போதையிலிருப்பவன் தன்வயத்தனாக இருப்பதில்லை. தன்வயமற்றவனைக் குறைகூறுவது எங்ஙனம் என ஒருவர் வினவலாம். இதற்கு அரிஸ்டோட்டில் தமது நிக்கமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் விடை கூறியுள்ளார். குடிபோதையிற் குற்றம் புரிந்தோருக்குத் தண்டனை இரட்டிக்கப்பட்டமையை எடுத்துக்காட்டி, குடியாதிருத்தல் அவர்தம் ஆற்றலுக்குட்பட்டதே என்பதை அதற்குக் காரணமாக அவர் காட்டுவார். அத்தகைய சட்டத்தை மித்திலீன் நகரத்துப் பித்தாக்கஸ் இயற்றினார் என்பது அவரது அரசியல் நூலிலே குறிக்கப்பட்டுள்ளது. அறியாமையே குற்றத்துக்குக் காரணமாயினும், அவ்வறியாமையைத் தானே தேடிக்கொண்டவன் அதனைச் சாட்டாகக் கூறவியலாது என்பதே இதன் சாரமாகும். கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மரபில் வந்த நமக்கு இக்கருத்துப் புதியதன்று.

எனினும், இங்கு ஒரு சிக்கல் உண்டு. 1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளரும் 'அறவியல் அதிர்ஷ்டம்' என்னும் கருத்தை விவாதித்தனர். அவ்விவாதத்தில் நேகல் கையாண்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று மதுபோதைச் சாரதியைப் பற்றியதாகும். அளவுக்கு மீறிக் குடித்த ஒருவரின் வாகனம் வீதியை விட்டு நடைபாதையில் ஏறுகின்றது. அங்கு எவருமில்லையெனின் அவர் அதிர்ஷ்டசாலி. எவரேனும் நின்றிருப்பின் அவர் ஓர் உயிரைப் போக்கியவர். அவரது மனநிலையும் செயலும் இரு நிலைமைகளிலும் ஒன்றே. வேறுபடுவது, அவரது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு தற்செயல் மாத்திரமே. ஆயினும் நமது கண்டனமும் சட்டத்தின் தண்டனையும் இரண்டிடத்தும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகின்றன.

காப்புறுதியாளரின் நோக்கு இவ்விடத்து விந்தையானதாக அமைகின்றது. நடைபாதையில் எவரும் நின்றிராதபோதும், விபத்தே நேராதபோதும், குற்றத்தீர்ப்பு ஒன்றையே கொண்டு அவர் கட்டுப்பணத்தை உயர்த்துகின்றார். விளைவை நோக்காது, விளைவைத் தோற்றுவிக்கக்கூடிய நடத்தையை நோக்குகின்றார். அவ்வளவில், அதிர்ஷ்டத்தை நீக்கிச் செயலை எடைபோடுதல் வேண்டும் என்ற அறவியலாளரின் கோரிக்கையை நீதிமன்றிலும் பார்க்கக் காப்புறுதியாளரே நிறைவேற்றுகின்றார் எனலாம். ஆனால் அவர் அதனை அறத்தின் பொருட்டுச் செய்யவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

2. இது இரண்டாவது தண்டனையா?

பிரித்தானியாவில் இக்குற்றத்துக்கு, விசேட காரணங்கள் இருந்தாலன்றி, குறைந்தது 12 மாதங்களுக்கு வாகனஞ் செலுத்தும் உரிமை பறிக்கப்படுகின்றது. பத்தாண்டுக்குள் மீண்டும் அதே குற்றம் புரியின் அக்காலம் குறைந்தது மூன்றாண்டாகும். தண்டப்பணமும், பாரதூரமான வழக்குகளிற் சிறையும் உண்டு. தண்டனையை அனுபவித்து முடித்தவரிடம் காப்புறுதி நிறுவனம் மேலதிகப் பணம் கேட்கும்பொழுது, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கப்படுகின்றேன் என்று அவர் முறையிடுவது இயல்பே.

இம்முறைப்பாடு முழுவதும் சரியானதன்று. காப்புறுதி என்பது பலர் சேர்ந்து அமைக்கும் ஒரு பொதுநிதி. எவருக்கு நட்டம் நேரும் என்பது தெரியாதபோதும், கூட்டத்துள் எத்தனை பேருக்கு நேரும் என்பதை அனுபவத்தால் ஓரளவு அறியலாம். ஒவ்வொருவரும் தாம் நிதிக்குக் கொண்டுவரும் இடருக்கேற்பப் பங்களிப்பதே அதன் நியாயம். மதுபோதையிற் செலுத்திய ஒருவரிடமிருந்து மேலதிகமாக எதுவும் பெறப்படவில்லையெனின், அந்த மேலதிக இடர் மறைந்துவிடுவதில்லை. ஒருபோதும் குடித்துவிட்டுச் செலுத்தாத ஆசிரியரும் தாதியும் ஓய்வூதியரும் அதனைத் தம் கட்டுப்பணத்தின் மூலஞ் சுமக்க நேரும். எனவே, 'ஏன் அவரிடம் கூடுதலாகப் பெறுகின்றீர்கள்?' என்ற கேள்விக்கு, 'வேறு யாரிடம் பெறுவது?' என்ற எதிர்க்கேள்வி நியாயமான மறுமொழியாகும்.

தண்டனைக்கும் கட்டுப்பணத்துக்கும் இடையிலான வேறுபாடு காலத்தைப் பொறுத்ததாகும். தண்டனை கடந்த காலத்தை நோக்குவது. 'நீ இதனைச் செய்தாய்' என்பது அதன் வாக்கியம். கட்டுப்பணம் எதிர்காலத்தை நோக்குவது. 'உனக்கு இது நேரக்கூடும்' என்பது அதன் வாக்கியம். முன்னது பழிக்கின்றது, பின்னது கணிக்கின்றது. ஆகவே கட்டுப்பண உயர்வை இரண்டாவது தண்டனை என்று கொள்வது தருக்கரீதியாகப் பொருந்தாது.

ஆனால், ஆபத்தும் இவ்வேறுபாட்டினுள்ளேயே இருக்கின்றது. தண்டனைக்கு நாகரிக சமுதாயங்கள் பல வேலிகளை இட்டுள்ளன. தண்டனை குற்றத்துக்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தம் பக்கத்தை எடுத்துரைக்கச் சந்தர்ப்பம் அளித்தல் வேண்டும். மேன்முறையீட்டுக்கு வழி வேண்டும். தண்டனைக்கு ஒரு முடிவு வேண்டும். கணிப்புக்கு இவ்வேலிகளுள் எதுவும் இயல்பாக அமைவதில்லை. அது தண்டனையன்று என்பதனாலேயே தண்டனைக்குரிய எல்லைகளுக்கும் கட்டுப்படாது நிற்கின்றது. அதனை அனுபவிப்பவருக்கோ இரண்டும் ஒரே மாதிரியாகவே வலிக்கின்றன. செல்வந்தருக்குக் கூடுதற் கட்டுப்பணம் ஒரு தொல்லை. பொதிவாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது தொழிலின் முடிவு. ஒரே கணிப்பு இருவரிடத்தும் இருவேறு தண்டனைகளாக உருமாறுகின்றது.

3. வகுப்பும் தனிமனிதரும்

கணிப்பு என்பது தனிமனிதரைப் பற்றியதன்று. அவர் சேர்க்கப்படும் வகுப்பைப் பற்றியதாகும். இளைஞர் ஒருவர் கூடிய கட்டுப்பணஞ் செலுத்துவது அவர் செய்த எதற்காகவுமன்று. அவரது வயதினர் செய்தவற்றுக்காகவே. ஒருகாலத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடும் இவ்வாறே பயன்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2011 இல் வழங்கிய தீர்ப்பினால் 2012 டிசெம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற் பால் அடிப்படையிற் கட்டுப்பணத்தை வேறுபடுத்துவது நிறுத்தப்பட்டது. புள்ளிவிபரம் பிழையென்பது அதற்குக் காரணமன்று. உண்மையான புள்ளிவிபரமும் சமத்துவத்துக்கு முரணாகலாம் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

இதனோடு ஒப்பிடின், மதுபோதைக் குற்றத்தீர்ப்பு நியாயமானதோர் அளவுகோலாகும். பாலையோ வயதையோ எவரும் தெரிந்தெடுப்பதில்லை. குடித்தபின் திறப்பைக் கையிலெடுப்பது ஒருவரின் சொந்தச் செயல். அரிஸ்டோட்டில் கூறியவாறு, அது அவரது ஆற்றலுக்குட்பட்டது. தாம் செய்ததன் வழியாக ஒரு வகுப்பினுள் நுழைந்தவருக்கு, பிறப்பினால் ஒரு வகுப்பினுள் வைக்கப்பட்டவருக்குரிய முறைப்பாடு இல்லை.

எனினும், முறைப்பாடு அறவே இல்லாது போய்விடுவதுமில்லை. ஒருவர் தம் செயலால் வகுப்பினுள் நுழைந்தபோதும், அங்கு அவர் செலுத்தும் விலை அவ்வகுப்பிலுள்ள ஏனையோர் இனிச் செய்யப்போவதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. அன்றிரவு வீதியிற் பொலிஸார் மறித்த அதிர்ச்சியில் மதுவையே கைவிட்டவரும், தடைக்காலம் முடிந்த அன்றே மீண்டும் குடித்தவரும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர். மேலும், வகுப்பின் எல்லையும் இயற்கை வகுத்ததன்று. ஸ்கொத்லாந்து 2014 டிசெம்பரில் தன் எல்லையை 50 மில்லிகிராமாகக் குறைத்தது. இங்கிலாந்து அப்போது 80 மில்லிகிராம் எல்லையையே தொடர்ந்தும் வைத்திருந்தது. ஆகவே, 60 மில்லிகிராம் மதுசாரத்துடன் பிடிபட்டவர் எடின்பரோவிற் குற்றவாளி; இலண்டனிற் சாதாரணக் குடிமகன். இருவரின் உடலும் ஒரே ஆபத்தைச் சுமந்தே வீதிக்கு வந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான கடப்பாடு பிறக்கின்றது. தம் செயல் தண்டனையன்று, கணிப்பே என்று காப்புறுதியாளர் கூறுவராயின், கணிப்புக்குரிய ஒழுக்கத்தை அவர் கைக்கொள்ளுதல் வேண்டும். கணிப்பு புதிய சான்றுகளுக்கு இடங்கொடுக்க வேண்டும். பிரித்தானிய நீதிமன்று அங்கீகரிக்கும் மறுவாழ்வுப் பயிற்சியை நிறைவுசெய்தவருக்குத் தடைக்காலத்தில் நாலிலொரு பங்குவரை குறைக்கப்படலாம். விபத்தின்றிக் கழிந்த ஆண்டுகள், நிறைவுசெய்த பயிற்சி முதலியவற்றைக் காப்புறுதியாளரும் கருத்திற் கொள்வராயின், அவர் கூறுவது உண்மையிற் கணிப்பேயாகும். அவற்றைக் கருத்திற் கொள்ளாது, பழைய தீர்ப்பையே திரும்பத் திரும்ப விலைப்படுத்துவராயின், அது கணிப்பின் வேடந்தரித்த தண்டனை. வேலிகளற்ற தண்டனை.

4. மறக்கப்படலாகாத மூன்றாமவர்

இதுவரை காப்புறுதியாளரையும் குற்றவாளியையும் பற்றியே பேசினோம். வீதியில் நின்ற மூன்றாமவரை மறந்துவிட்டோம். குடித்துச் செலுத்தியவருக்குக் காப்புறுதி எதற்கு, அவர் விளைத்த நட்டத்தை அவரே சுமக்கட்டும் என்று கூறுவோர் பலர். இக்கூற்று நீதியுணர்வில் எழுவதெனினும், அதன் விளைவு நீதியன்று. அடிபட்ட பாதசாரிக்குச் சாரதியின் வெறும் வறுமையே நட்டஈடாகக் கிடைக்கும்.

ஆங்கில நீதிமன்றுகள் இவ்விக்கட்டை முன்னரே எதிர்நோக்கின. தன் குற்றத்தின் பயனாக எழுந்த பொறுப்புக்கு ஒருவன் காப்புறுதியின் உதவியைப் பெறலாகாது என்பது பழைய பொதுநலக் கோட்பாடு. அளவு கடந்த வேகத்தில் வாகனஞ் செலுத்தி உயிரிழப்பை விளைவித்து, குற்றமுறு மனிதக்கொலைக்குத் தண்டிக்கப்பட்டவரின் வழக்கு 1921 இலும், மதுவருந்திய நிலையிற் செலுத்தி அதே குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவரின் வழக்கு 1927 இலும் விசாரிக்கப்பட்டன. இரண்டிலும் காப்புறுதி செல்லும் என்றே தீர்க்கப்பட்டது. கவனயீனம் எவ்வளவு பாரதூரமாயினும் அது வேண்டுமென்று செய்த கொடுமையன்று. கவனயீனத்தின் விளைவுகளுக்கெனவே காப்புறுதி பெறப்படுகின்றது என்பது அவற்றின் நியாயம். பின்னர் வந்த சட்டவாக்கம் இதனை உறுதிப்படுத்தியது. சாரதியின் உடல் அல்லது மன நிலையைக் காரணங்காட்டிக் காப்புறுதியைக் குறுக்கும் ஒப்பந்த நிபந்தனைகள் மூன்றாந் தரப்பினரின் உரிமையைப் பாதிக்கமாட்டா என்று 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் விதிக்கின்றது. நிறுவனம் முதலிற் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்து, பின்னர் அதனைச் சாரதியிடமிருந்து அறவிட முயலலாம். பாதிக்கப்பட்டவரின் உரிமையும் குற்றவாளியின் பொறுப்பும் இங்கு ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்து வைக்கப்பட்டுள்ளன. நமது நாட்டின் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதன் மூலம் இவ்வழியிலேயே செல்கின்றது.

கட்டுப்பணத்தின் அளவு பற்றிய நமது வினாவுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். செலுத்த முடியாத அளவுக்குக் கட்டுப்பணம் உயருமாயின், குற்றவாளி வாகனத்தை விட்டுவிடுவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிலர் காப்புறுதியின்றியே செலுத்துவர். வேறு சிலர் குற்றத்தீர்ப்பை மறைத்துக் காப்புறுதி பெறுவர். காப்புறுதியற்ற சாரதிகளால் பாதிக்கப்படுவோருக்கு நட்டஈடு வழங்கவென 1946 இற் பிரித்தானியக் காப்புறுதி நிறுவனங்கள் மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்தை நிறுவின. அதன் செலவு ஈற்றில் நேர்மையான சாரதிகள் யாவரது கட்டுப்பணத்திலும் வந்து சேர்கின்றது. அளவுக்கு மீறிய விலை, எவரைப் பாதுகாக்க எழுந்ததோ அவர்மீதே சுமையைத் திருப்பிவிடுகின்றது. ஆகவே, அளவோடு நிற்றல் குற்றவாளிக்குக் காட்டும் இரக்கம் மாத்திரமன்று. வீதியில் நடக்கும் அந்நியருக்கு நாம் கடமைப்பட்டுள்ள விவேகமுமாகும்.

5. மௌனம் நேர்மையாகும் இடம்

இறுதியாகக் காலம் பற்றிய வினாவுக்கு வருவோம். காப்புறுதி ஒப்பந்தம் உயர்ந்த நல்லெண்ணத்தை வேண்டுவது என்பதை 1766 இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு ஒரு புகழ்பெற்ற தீர்ப்பில் நிலைநாட்டினார். இடரை மதிப்பிடுவதற்கு வேண்டிய உண்மைகள் காப்புறுதி கோருபவருக்கே தெரியும். அவற்றை அவர் மறைத்தல் ஏமாற்றாகும். தனிப்பட்ட நுகர்வோரைப் பொறுத்தவரை 2012 ஆம் ஆண்டின் சட்டம் இக்கடமையைத் தளர்த்தி, கேட்கப்படும் வினாக்களுக்குத் தக்க கவனத்துடன் உண்மையான விடை கூறுதல் என்ற அளவில் அமைத்தது. அப்போதும் வேண்டுமென்றே பொய்யுரைத்தவர் தம் காப்புறுதியை இழக்கலாம்.

இக்கோட்பாட்டை மாத்திரம் பின்பற்றினால், ஒருமுறை குற்றவாளியாகக் காணப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் அதனைச் சொல்லிக்கொண்டேயிருத்தல் வேண்டும். இந்நிலையை 1974 ஆம் ஆண்டின் குற்றவாளிகள் புனர்வாழ்வுச் சட்டம் மாற்றியது. கார்டினர் பிரபுவின் தலைமையில் அமைந்த குழுவொன்று 1972 இல் வெளியிட்ட அறிக்கை இச்சட்டத்துக்கு வழிகோலியது. குறித்த காலம் கழிந்த பின்னர் குற்றத்தீர்ப்பு 'கழிந்ததாக' மாறுகின்றது. அதன்பின் காப்புறுதிப் படிவம் கேட்டாலும், அதனைக் கூறவேண்டிய கடமை இல்லை. அனுமதிப்பத்திரத்திற் பதிவுசெய்யப்படும் சாதாரண மதுபோதைக் குற்றத்துக்கு இக்காலம் வயதுவந்தோருக்கு ஐந்தாண்டாகும். பதிவோ 11 ஆண்டு நிலைக்கின்றது; மறுகுற்றத்தை மதிப்பிட நீதிமன்று பத்தாண்டு பின்னோக்குகின்றது. ஒரே அரசு ஒரே செயலை மூன்று வெவ்வேறு கால அளவுகளில் நினைவில் வைத்திருக்கின்றது.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் வேறொரு விடையைத் தந்துள்ளது. 1988 இல் மக்கள் வாக்கெடுப்பால் நிறைவேறிய 103 ஆம் முன்மொழிவு, நற்சாரதிகளுக்குக் குறைந்தது 20 வீதக் கழிவை உரித்தாக்கியது. மதுபோதைக் குற்றத்தீர்ப்புப் பெற்றவர் அக்கழிவைப் பத்தாண்டுக்கு இழக்கின்றார். ஐந்தா, பத்தா என்பதை மெய்யியல் தீர்மானிக்கவியலாது. ஒரு முடிவு இருத்தல் வேண்டும் என்பதை மாத்திரமே அது கூறவியலும்.

முடிவு ஏன் வேண்டும்? ஐந்தாண்டு கழிந்த பின்னரும் பழைய குற்றத்தீர்ப்புக்கு ஏதோவொரு கணிப்பு வலிமை எஞ்சியிருக்கக்கூடும். அதனைப் பயன்படுத்தாது விடுவதன் செலவை ஏனைய சாரதிகள் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்கின்றனர். சமுதாயம் அறிந்தே ஏற்கும் விலை அது. மனிதன் தன் கடந்த காலத்தின் தொகை மாத்திரமேயெனக் கொண்டால் திருந்துவதற்குக் காரணமே இல்லாது போகும். திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் விலை ஒன்றே எனின், எதற்காகத் திருந்துவது?

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். குடிபோதைச் சாரதியால் மகனை இழந்த தாய்க்கு ஐந்தாண்டின் பின் அவன் திரும்பி வருவதில்லையே. சட்டம் மறப்பதற்கு என்ன உரிமை உண்டு? இது எளிதிற் புறந்தள்ளக்கூடிய வினாவன்று. உயிரிழப்பை விளைவித்த குற்றத்துக்குரிய தண்டனையும் அதன் காலமும் வேறு என்பது சட்டத்தின் விடை. ஆயினும் அத்தாயின் முன் அவ்விடை போதாது. நாம் கூறக்கூடியது இவ்வளவே: சட்டத்தின் மறதி மன்னிப்பன்று. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உரியது. அதனைப் பாராளுமன்றமோ காப்புறுதி நிறுவனமோ அவர் பெயரால் வழங்கவியலாது. ஆனால், அவரது துயரைக் கட்டுப்பணமாக மாற்றி வருடாவருடம் அறவிடும் உரிமையும் நிறுவனத்துக்கு இல்லை. அப்பணம் அத்தாயைச் சென்றடைவதுமில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனின், மதுபோதைக் குற்றத்தீர்ப்பின் பின் கட்டுப்பணம் உயர்வது தன்னளவில் அநீதியன்று என்பதேயாகும். தாம் தேர்ந்து செய்த செயலால் விளைந்த இடரை ஒருவர் தாமே சுமப்பது, அதனைக் குற்றமற்றவர்மீது ஏற்றுவதிலும் நீதியானது. ஆயின் அவ்வுயர்வு மூன்று நிபந்தனைகளுக்கு உட்படுதல் வேண்டும். பாதிக்கப்பட்ட மூன்றாமவரின் உரிமை எந்நிலையிலும் சாரதியின் குற்றத்தாற் குறைதலாகாது. கணிப்பு என்ற பெயரில் வரும் விலை, மனிதன் திருந்தியமைக்கான சான்றுகளைக் கேட்டு மாறுதல் வேண்டும். அதற்கு ஒரு முடிவும் வேண்டும்.

உண்மையை மறைப்பது பொய் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது. ஆனால், கழிந்துபோன குற்றத்தைக் கூறாது படிவத்தை நிரப்பும் ஒருவரின் மௌனம் பொய்யன்று. சமுதாயம் அவருக்கு அளித்த வாக்குறுதி அது. அவ்வாக்குறுதிக்கு உரியவராக இருத்தல் அவர் கையிலேயே உள்ளது. அடுத்த முறை மதுவருந்திய பின் வாகனத்தின் திறப்பை மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது, அவர் அதற்குரியவராகின்றார்.